கிழித்தெடுத்த ஒரு குறிப்பு: ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும், வினாத்தாள் அமைப்போருக்கும்,

வணக்கம்.

ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' குறுநாவலை முதுகலை வகுப்புகளுக்கு நடத்துகிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தந்தம் சேர்க்கும் ஒரு கம்பெனிக்காக மார்லோ என்ற மாலுமி ஆப்பிரிக்க நதியொன்றில் படகில் போய், உள்நாட்டில் இருக்கும் கர்ட்ஸ் என்ற கம்பெனி முகவரைத் தேடிக் காணும் கதை அது. அந்த நூலை நீக்கிவிடுங்கள் என்று கேட்பதற்காக அல்ல. நீக்கினால்தான் நிம்மதி என்று சொல்லும் சக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய காரணங்கள் அற்பமானவையும் அல்ல. ஆனாலும் நூல் இருக்கட்டும் என்பதே என் கட்சி. அதைப் பற்றி நாம் கேட்கும் கேள்விதான் மாற வேண்டும்.

தேர்வுக்குத் தேர்வு வரும் வினா உங்களுக்குத் தெரியும். நதி எதைக் குறிக்கிறது? இருள் எதைக் குறிக்கிறது? விடையும் தெரியும். நதி ஆழ்மனம். பயணம் தன்னைத் தேடும் பயணம். காடு மனிதனுக்குள் உறங்கும் மிருகம். இருள் எல்லோருக்குள்ளும் இருக்கும் தீமை. கர்ட்ஸ் என்பவன் வேறு யாருமல்ல, நாம்தான். கைடுகள் இதை இரண்டு பத்தி அட்டவணையாகப் போட்டுத் தருகின்றன. அந்த அட்டவணையைக் கொஞ்சம் விரித்து எழுதினால் நல்ல மதிப்பெண். விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒன்றைக் கவனிக்கிறேன்: பக்கம் பக்கமாக எழுதும் மாணவரும் 'காங்கோ' என்று ஓரிடத்தில்கூட எழுதுவதில்லை. தந்தம் கட்டாயம் வரும். 'பேராசையின் குறியீடு' என்ற அடைமொழியோடு வரும். அதை யார் பறித்தார்கள், யார் தலையில் ஏற்றினார்கள், விற்ற பணம் எந்த ஊருக்குப் போனது என்பவை வராது.

மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கான்ராடே அந்தப் பெயர்களை எழுதவில்லை. கதைக்குள் காங்கோ இல்லை, பெல்ஜியம் இல்லை, பிரஸ்ஸல்ஸ் இல்லை, அரசன் லியோபோல்ட் இல்லை. வெள்ளையடித்த கல்லறையை நினைவூட்டும் ஒரு நகரம் இருக்கிறது. ஒரு கம்பெனி இருக்கிறது. பாம்புபோல் சுருண்டு கிடக்கும் ஒரு பெரிய நதி இருக்கிறது. பெயர்களை அவர் எடுத்துவிட்டதால் வாசகர் திரும்ப எழுதிக்கொள்ள வேண்டிய கடமை ஒன்று பிறக்கிறது. 1899இல் பிளாக்வுட்ஸ் இதழில் இக்கதை மூன்று பகுதிகளாக வெளிவந்தபோது அதைப் படித்தவர்களில் பலருக்கு அந்தக் கடமை எளிதாக இருந்திருக்கும். காங்கோ செய்தித்தாளில் அடிபட்ட ஊர். இன்றைய மாணவருக்கு அது தானாகத் தெரிய வழியில்லை. நாம்தான் சொல்ல வேண்டும், சொல்வதில்லை.

ஆகவே கொஞ்சம் ஊரும் தேதியும் பேசுவோம்.

1885 முதல் 1908 வரை காங்கோ எந்த நாட்டின் காலனியாகவும் இருக்கவில்லை. அது பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்ட் என்ற ஒரே மனிதரின் சொந்த ஆளுகையில் இருந்தது. அவர் அந்த மண்ணை வாழ்நாளில் ஒருமுறைகூட மிதித்ததில்லை. அதற்கு வைக்கப்பட்ட பெயர் 'காங்கோ சுதந்திர நாடு'. (இந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டே ஒரு வகுப்பு முழுவதும் முரண்நகை நடத்தலாம்; நாமோ அதற்கு வேறெங்கோ எடுத்துக்காட்டுத் தேடுகிறோம்.) 1890 ஜூனில் ஒரு பெல்ஜிய வணிகக் கம்பெனியின் ஒப்பந்தத்தோடு கான்ராட் அங்கே போய் இறங்கினார். மட்டாடி துறைமுகத்துக்கு மேலே நதி முழுக்க அருவிகளும் பாறைகளும். படகு போகாது. மனிதர்களும் சரக்கும் நிலத்தின் வழியே, தலைச்சுமையாகத்தான் போக வேண்டும். ஜூன் 28 அன்று மட்டாடியிலிருந்து நடக்கத் தொடங்கியவர் ஆகஸ்ட் 2 அன்று அருவிகளுக்கு மேலுள்ள கின்ஷாசா பகுதியை அடைந்தார். வழியில் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். அது இலக்கியம் அல்ல. கொசு, குளிர், கெட்ட தண்ணீர் என்று அரைகுறை வாக்கியங்கள். அவற்றுக்கு நடுவே ஜூலை 3 அன்று ஒரு பிணம். சுடப்பட்டதோ என்று ஒரு வினாக்குறி, நாற்றம் பற்றி இரண்டு சொல். ஜூலை 29 அன்று கம்பத்தில் கட்டப்பட்ட ஓர் எலும்புக்கூடு. அவ்வளவுதான். உருவகம் இல்லை, இருள் இல்லை.

பிறகு அவர் நீராவிப் படகில் ஏறினார். அதன் பெயர் 'ரோவா தெ பெல்ஜ்', அதாவது பெல்ஜியர்களின் அரசர். செப்டம்பர் 1 அன்று ஸ்டான்லி அருவியை அடைந்தது. அங்கே நோயுற்றிருந்த ஜார்ஜ் அந்துவான் க்ளைன் என்ற கம்பெனி முகவரை ஏற்றிக்கொண்டு திரும்பியது. அவர் வழியிலேயே இறந்தார். கையெழுத்துப் பிரதியின் தொடக்கத்தில் கர்ட்ஸின் பெயர் க்ளைன் என்றே இருந்தது.

இன்னொன்றையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும். ஆய்வாளர் நார்மன் ஷெர்ரி பின்னாளில் எடுத்துக்காட்டியபடி, 1890இல் அந்த நதி அப்படி ஒன்றும் ஆளரவமற்ற ஆதிகாலத்து நதி அல்ல. நீராவிப் படகுகள் போய்வந்துகொண்டிருந்தன. கரையோரம் நிலையங்கள் இருந்தன. ஸ்டான்லி அருவியில் அதிகாரிகளும் வணிகர்களும் கொண்ட ஒரு குடியிருப்பே இருந்தது. கான்ராட் இவற்றைத் துடைத்துவிட்டுத்தான் அந்த மௌனத்தை உண்டாக்கினார். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. அந்த மௌனத்தை ஆப்பிரிக்காவின் இயல்பு என்று பாடம் நடத்தும் உரிமை நமக்கு இல்லை.

மௌனம் என்றதும் நினைவுக்கு வருகிறது. மார்லோ நடந்துபோகும் வழியில் ஊர்கள் காலியாகக் கிடக்கின்றன. 'ஆன்மிக வெறுமையின் குறியீடு' என்று கைடு சொல்கிறது. மார்லோவோ காரணத்தையே சொல்கிறான்! ஆயுதம் தாங்கிய கறுப்பர்கள் கூட்டமாக வந்து, இங்கிலாந்தில் டீல் ஊருக்கும் கிரேவ்ஸெண்டுக்கும் இடையே உள்ள சாலையில் கண்ணில் படும் குடியானவர்களைப் பிடித்துச் சுமை தூக்க வைத்தால், அங்கேயும் வீடுகள் விரைவில் காலியாகிவிடும் என்கிறான். பிடித்துக்கொண்டுபோய்ச் சுமை ஏற்றுவார்கள் என்று அஞ்சி மக்கள் ஊரைவிட்டு ஓடியிருக்கிறார்கள். ஓடாதவர்களில் சிலர் பாதையோரப் புல்லில் செத்துக் கிடக்கிறார்கள். பக்கத்தில் காலியான தண்ணீர்க் குடுவையும் நீண்ட கோலும். நூலிலேயே இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பதை விட்டுவிட்டு வெறுமையைத் தத்துவமாக்குவது சோம்பல் மட்டுமல்ல, கம்பெனிக்கு நாம் செய்யும் உபகாரமும்கூட.

குறியீடே வேண்டாம் என்று சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். உள்ளுறையும் இறைச்சியும், அதாவது சொல்ல வந்ததை இயற்கைக் காட்சியின் வழியே குறிப்பாக உணர்த்தும் முறைகளை, இலக்கணமாக வகுத்த மொழிக்காரி நான். குறுந்தொகையில் கபிலரின் குருகை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவன் தலைவியோடு கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை. தினைத்தாள் போன்ற கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு மட்டும் உண்டு. 'குருகு பயனற்ற சாட்சியின் குறியீடு' என்று எழுதினால் பாட்டு செத்துவிடுகிறது. அதற்குப் பசி இருக்கிறது, அதன் கண் மீன்மேல் இருக்கிறது, ஆகவே அது வேறெதையும் பார்க்கவில்லை. அந்தப் பறவை முழுதாகப் பறவையாக இருப்பதால்தான் தலைவியின் தவிப்பு நம்மைத் தொடுகிறது. பறவை, விலங்கு, மரம் போன்ற கருப்பொருளை அறியாமல் உள்ளுறைக்குப் போக முடியாது என்பதை நம் தமிழ்த்துறை நண்பர்கள் முதலாண்டிலேயே சொல்லித் தருகிறார்கள். ஆங்கிலத்துறைக்குள் நுழைந்ததும் அது நமக்கு மறந்துபோகிறது.

கான்ராடின் குறியீடுகளும் இப்படித்தான் இயங்குகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை சரக்குகள். கதை தேம்ஸ் நதியில், நெல்லி என்ற படகில் தொடங்குகிறது. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யார்? கம்பெனிகளின் இயக்குநர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், கணக்காளர் ஒருவர். கணக்காளர் டோமினோக் கட்டைகளை வெளியே எடுத்து வைத்திருக்கிறார். கான்ராட் அவற்றை 'எலும்புகள்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். தந்தம் என்ற பேச்சே எழாத முதல் பக்கத்திலேயே அது லண்டனுக்கு வந்து சேர்ந்து, விளையாட்டுப் பொருளாகிவிட்டது. கடைசிக் காட்சியில் கர்ட்ஸுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணின் வரவேற்பறையில் ஒரு பெரிய பியானோ நிற்கிறது, மெருகேற்றிய சவப்பெட்டிபோல். அக்காலத்துப் பியானோவின் வெள்ளைக் கட்டைகள் எதனால் செய்யப்பட்டன என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்ததும் வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிடும். அவள் துக்கம் உண்மையானது. அந்த அறையின் செல்வமும் உண்மையானது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வைக்கிறது அந்தப் பியானோ. இதைவிடக் கூர்மையான குறியீடு இந்நூலில் இல்லை என்பது என் கருத்து. தேர்வில் இதைப் பற்றி ஒரு வினாவும் நான் கண்டதில்லை.

கம்பெனி அலுவலக வாசலில் கறுப்புக் கம்பளி பின்னிக்கொண்டிருக்கும் இரண்டு பெண்களைப் பற்றி மட்டும் எல்லோருக்கும் தெரியும்: கிரேக்கத் தொன்மத்தின் விதித் தேவதைகள். இருக்கட்டும். ஆனால் அந்த வாசலைத் தாண்டிப் போகிறவன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறான்; மருத்துவர் அவன் மண்டையை அளக்கிறார்; திரும்பி வருகிறவர்களை அளப்பதுண்டா என்று கேட்டால், அவர்களை நான் பார்ப்பதே இல்லை என்கிறார். இதை விதி என்று சொல்லிவிட்டால் கம்பெனிக்கு எவ்வளவு வசதி!

படகில் வேலை செய்யும் ஆப்பிரிக்கர்களுக்குச் சம்பளம், வாரத்துக்கு மூன்று பித்தளைக் கம்பித் துண்டுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்பது அங்குலம். அதைக் கொடுத்துக் கரையோர ஊர்களில் உணவு வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஊர்களோ காலி, அல்லது பகை; படகும் நிற்பதில்லை. ஆனால் சம்பளம் மட்டும் மதிப்புவாய்ந்த ஒரு பெரிய வணிக நிறுவனத்துக்கு ஏற்ற ஒழுங்கோடு தவறாமல் பட்டுவாடா ஆனது என்று மார்லோ கசப்போடு சொல்கிறான். பட்டினி கிடப்பவனிடம் கம்பித் துண்டு. கணக்கு நேராக இருக்கிறது.

அந்த நேரான கணக்கை எழுதுகிறவர் இருக்கிறாரே, கம்பெனியின் முதல் நிலையத்தின் தலைமைக் கணக்காளர், அவரைத்தான் நான் இந்நூலின் நடுநாயகமாக வைப்பேன். கஞ்சி போட்ட காலர், வெண்மையான சட்டைக் கை, வாரி எண்ணெய் பூசிய முடி. அவருடைய பேரேடுகளில் ஒரு பிழை காண முடியாது. கொஞ்ச தூரத்தில் மரநிழலில், வேலை வாங்கப்பட்டு ஓய்ந்துபோனவர்கள் படுத்துச் சாகிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு மார்லோ ஒரு பிஸ்கட் கொடுக்கிறான், அவன் கழுத்தில் கடல் கடந்து வந்த ஒரு வெள்ளை நூல். கணக்காளரின் அறைக்குள் ஒரு நோயாளியைக் கொண்டுவந்து கிடத்தியிருக்கிறார்கள். அவன் முனகல் அவருடைய கவனத்தைக் கெடுக்கிறது. சரியான பதிவு எழுத வேண்டியிருக்கும்போது இந்த மக்கள்மேல் சாகும்வரை வெறுப்பு வந்துவிடுகிறது என்கிறார். கர்ட்ஸின் வேலியில் குத்தி வைத்த தலைகளைவிட இந்த மனிதர்தான் என்னை அச்சுறுத்துகிறார். அறம் இருண்டுபோவது என்றால் என்ன என்று மாணவர் கேட்டால், காட்டைக் காட்டாமல் இந்த மேசையைக் காட்டுங்கள். இவரிடம் வெறி இல்லை, காய்ச்சல் இல்லை. கைத்திறமும் ஒழுங்கும் இருக்கின்றன. இவர் அனுப்பும் பேரேடு இல்லாமல் கர்ட்ஸின் தந்தத்துக்கு விலை கிடையாது.

இனி நான் சேர்க்கச் சொல்லும் பாடத்துக்கு வருகிறேன். கான்ராட் ஸ்டான்லி அருவியை அடைவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பு அதே இடத்திலிருந்து வேறொருவர் எழுதினார். ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ்: அமெரிக்கக் கறுப்பினத்தவர், உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர், போதகர், ஒஹாயோ சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர், கறுப்பின மக்களின் வரலாற்றை எழுதியவர். லியோபோல்டை நேரில் சந்தித்து அவர் பேச்சில் நம்பிக்கை வைத்துக் காங்கோவுக்குப் போனவர். 1890 ஜூலை 18 தேதியிட்டு அவர் அரசருக்கு எழுதியது ஒரு திறந்த மடல். நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கியது எப்படி என்று அதில் சொல்கிறார்: வெள்ளையர் சட்டைக் கைக்குள் மின்கலத்தை மறைத்துக் கைகுலுக்குவார், அதிர்ச்சியில் தடுமாறும் தலைவர், இவருக்கு மரத்தைப் பிடுங்கும் வலிமை இருக்கிறது என்று நம்பிவிடுவார். உருப்பெருக்குக் கண்ணாடியால் சுருட்டுப் பற்றவைத்துச் சூரியனே தமக்கு நண்பன் என்பார்கள். பள்ளி எங்கே, மருத்துவமனை எங்கே என்று வில்லியம்ஸ் கேட்கிறார். குற்றச்சாட்டுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு அடுக்குகிறார். அதே ஆண்டு அமெரிக்க வெளியுறவு அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில் 'மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள்' என்ற தொடரையும் கையாள்கிறார். மறு ஆண்டே இங்கிலாந்தில் காலமானார், மடல் மறக்கப்பட்டது.

ஒரே ஆண்டு, ஒரே நதி, ஒரே நிலையம். ஒருவர் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். இன்னொருவர் பெயர்களை நீக்கிக் கதை சொன்னார். நீக்கியவரைத்தான் நாம் படிக்கிறோம். அதற்குக் கலைவலிமை ஒரு காரணம், நான் மறுக்கவில்லை. காங்கோ கொடுமைகளை உலகறியச் செய்த எட்மண்ட் மோரல், அந்தப் பொருளில் எழுதப்பட்டவற்றுள் மிக வலிமையானது என்று கான்ராடின் கதையைத்தான் சொன்னார். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், கான்ராடின் மூடுபனி எங்கே உண்மையைக் கூர்மையாக்குகிறது, எங்கே மறைக்கிறது என்று மாணவரே கண்டுபிடிப்பார். ஆங்கிலத் திறனாய்வாளர் எஃப்.ஆர். லீவிஸ் 1948லேயே, சொல்லமுடியாதது, புரியாதது என்று பெயரடைகளைக் குவிக்கும் பழக்கத்தைக் கான்ராடின் குறையாகச் சொன்னார். லீவிஸுக்கு அது நடைக்குறை. காங்கோக்காரருக்கு அது வேறு வகைக் குறை.

நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சேபேயை நாம் நடத்தும் முறையும் சரியில்லை. 1975 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரை, பாடத்தின் கடைசியில் 'எதிர்க்கருத்து' என்று ஒரு பத்தியாகத் தொங்குகிறது. கான்ராடை இனவாதி என்றார், அவ்வளவுதான் மாணவருக்குத் தெரியும். அவர் கேட்ட கேள்வி அதைவிட ஆழமானது: ஓர் ஐரோப்பிய மனம் சிதைவதைக் காட்டுவதற்காக ஆப்பிரிக்காவை வெறும் மேடைப்பொருளாகச் சுருக்குவது எவ்வளவு பெரிய ஆணவம்? கான்ராட் அதைச் செய்தாரா என்று வாதிடலாம், வாதிட்டும் வருகிறார்கள். நம் வினாத்தாள் அதைச் செய்கிறதா என்பதில் வாதத்துக்கே இடமில்லை. நதியை மார்லோவின் ஆழ்மனமாக்கு என்று மாணவருக்கு ஆணையிடுவது நாம்தான். நாமும் ஒரு கம்பெனியின் பேரேட்டில் வரவு வைக்கப்பட்டவர்கள்தானே!

ஓர் எச்சரிக்கை. ஆர்வமுள்ள ஆசிரியர்கள் சிலர், காங்கோவில் ரப்பருக்காக நடந்த கொடுமையில் வெட்டப்பட்ட கைகளின் புகைப்படங்களைக் காட்டி இந்நூலைத் தொடங்குகிறார்கள். நோக்கம் நல்லது, காலம் பிசகு. ரப்பருக்கான வன்முறை உச்சத்துக்குப் போனது கான்ராட் திரும்பிய பிறகு. அவர் கண்டது தந்தமும் தலைச்சுமையும், மட்டாடியிலிருந்து போடத் தொடங்கியிருந்த ரயில் பாதையும். அவர் கண்டதை அவர் கண்ட அளவில் காட்டினாலே போதும்.

இனி அந்தக் கிழித்த குறிப்பு. காட்டுமிராண்டி வழக்கங்களை ஒழிப்பதற்கான சங்கம் ஒன்றுக்காகக் கர்ட்ஸ் பதினேழு பக்க அறிக்கை எழுதியிருக்கிறான்; கருணை சொட்டும் நடை. கடைசிப் பக்கத்தின் அடியில், பின்னொரு நாள் நடுங்கும் கையால் கிறுக்கியது: அந்த மிருகங்களை எல்லாம் அழித்தொழியுங்கள். மார்லோ ஐரோப்பா திரும்பியதும் அந்த அறிக்கையைக் கம்பெனிக்காரரிடம் கொடுக்கிறான்; பிறகு அச்சிடுவதற்காகப் பத்திரிகைக்காரர் ஒருவரிடம் கொடுக்கிறான். கொடுக்கும்போது அந்த அடிக்குறிப்பு அதில் இல்லை. அவனே கிழித்துவிட்டான். கர்ட்ஸ் கடைசியாகச் சொன்னது உன் பெயர்தான் என்று, அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணிடம் மார்லோ சொன்ன பொய்யைப் பற்றி எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அது ஓர் அறைக்குள் ஒருத்திக்குச் சொன்ன பொய். இது ஊருக்குச் சொன்னது. ஆவணத்தைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியது, அதுவும் பொய்யை வெறுப்பவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவன்.

என் கோரிக்கைகள் நடைமுறையானவை. குறுநாவலோடு மூன்று சிறு பகுதிகளைக் கட்டாயப் பாடமாக வையுங்கள்: வில்லியம்ஸின் திறந்த மடல், கான்ராடின் காங்கோ நாட்குறிப்பிலிருந்து சில பக்கங்கள், அச்சேபேயின் உரை முழுமையாக. முடிந்தால் காங்கோவிலிருந்தே எழுத வந்த முடிம்பே போன்ற ஒருவரையும். கூடுதல் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். குறியீட்டு அட்டவணையை எழுதிப்போடச் செலவிடும் வகுப்புகள் இருக்கின்றன, அவை போதும்.

'நதியின் குறியீட்டை விளக்குக' என்ற வினாவை ஒரே ஓர் ஆண்டு நிறுத்திவைத்துப் பாருங்கள். அதன் இடத்தில் வைக்க ஒன்று தருகிறேன், பதினைந்து மதிப்பெண்ணுக்கு: 'அறிக்கையின் அடிக்குறிப்பைக் கிழித்ததன் மூலம் மார்லோ யாரைக் காப்பாற்றினான்? நூலிலிருந்தும் வில்லியம்ஸின் மடலிலிருந்தும் சான்று காட்டி எழுதுக.'

இப்படிக்கு,
ஓர் ஆங்கில இலக்கிய ஆசிரியை